குழந்தை பிறந்து ஒரு மாதம் தாண்டிவிட்டது, மனைவி தூங்குவதே இல்லை. பாலக்கோடு பக்கம் யாரைப் பார்ப்பது?

பி_ஷிப்ட்_ஓசூர்

வணக்கம். ஓசூர் சிப்காட்டில் வேலை. மனைவி தலைப்பிரசவத்துக்குப் போய் இன்னும் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். பாலக்கோட்டிலிருந்து உள்ளே போகிற கிராமம். ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள், பெண் குழந்தை. பாப்பா நன்றாக இருக்கிறாள், எடை கூடுகிறது. கவலை எல்லாம் மனைவியைப் பற்றித்தான்.

குழந்தை தூங்கும்போதும் இவள் தூங்குவதில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாளாம். போனில் பேசினால் அழுகை. "நான் நல்ல அம்மா இல்லை, இவளை வளர்க்க எனக்குத் தெரியாது" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். முன்பு வாய் ஓயாமல் பேசுகிற பெண். சாப்பாடும் இறங்கவில்லை. மாமியார் காற்று பட்டிருக்கும் என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். என் அம்மா பார்க்கப் போனபோது "சரி விடு, அடுத்தது பையனா பொறக்கும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்கள். அதிலிருந்து இன்னும் மோசம்.

எனக்கு வாரம் ஒரு நாள்தான் லீவு. இது தானாகச் சரியாகுமா, டாக்டரிடம் போக வேண்டுமா? மாத்திரை கொடுத்தால் பால் கொடுக்கலாமா?

காவேரிப்பட்டணம்_மாங்கனி

தம்பி, முதலில் ஒன்று. "உனக்கு என்ன குறை, குழந்தை நல்லா இருக்கே" என்று யாரையும் அவளிடம் சொல்ல விடாதே. என் முதல் பிரசவத்தில் நான் நூறு தடவை கேட்ட வாக்கியம் அது. கேட்கக் கேட்க, குறையே இல்லாதபோதும் அழுகிற நான்தான் கெட்டவள் என்று தோன்றும்.

இரண்டு விஷயம் கேட்டுச் சொல். குழந்தையைத் தூக்கவே பயப்படுகிறாளா? தனக்கோ குழந்தைக்கோ ஏதாவது செய்துவிடுவேனோ என்கிற மாதிரி ஏதாவது சொன்னாளா? இதை போனில் கேட்காதே. நேரில் போய், பக்கத்தில் யாரும் இல்லாதபோது கேள்.

நர்சம்மா_ஓய்வு

முப்பது வருடத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். பெரும்பாலும் பென்னாகரம், நல்லம்பள்ளி வட்டாரங்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் காரணமே இல்லாமல் அழுகை வருவது பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு உண்டு. ஹார்மோன் சட்டென்று இறங்குவது, தூக்கம் கெடுவது, உடம்பு வலி எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை அது. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லை, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. நீங்கள் சொல்வது அந்த வகையாகத்தான் தெரிகிறது. சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் வைத்தியம் உள்ள நோய். தானாகப் போகும் என்று காத்திருக்க வேண்டாம்.

இதைக் கண்டுபிடிக்கப் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. எடின்பரோ அளவுகோல் என்பார்கள். 1987ல் வந்தது, தமிழிலும் உண்டு. கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தாய் என்று கேட்கும், மொத்தம் 30 மதிப்பெண். 13ஓ அதற்கு மேலோ வந்தால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மொத்தம் எவ்வளவாக இருந்தாலும் பத்தாவது கேள்வியைத் தனியாகப் பார்க்க வேண்டும். அது தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "ஒருபோதும் இல்லை" தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே டாக்டர்.

பிரசவத்துக்குப் பின் வரும் இன்னொரு கடுமையான மனநோய் இருக்கிறது, அரிது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு. முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் திடீரென்று வரும். இரவெல்லாம் விழிப்பு, சம்பந்தமில்லாத பேச்சு, காதில் குரல் கேட்கிறது என்பது, குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்பது. இதில் காத்திருக்கவே கூடாது. 108 கூப்பிட்டு நேராகப் பெரிய மருத்துவமனை. தாயையும் சேயையும் தனியாக ஒரு நிமிடம்கூட விடக்கூடாது. இந்த நேரத்தில் மந்திரிக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்து நாளைக் கடத்திய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், எல்லாவற்றையும் மனசின் தலையில் போடாதீர்கள். ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். ரத்தம் குறைந்தாலும், பிரசவத்துக்குப் பின் தைராய்டு தாறுமாறானாலும் இதே சோர்வு, இதே அழுகை வரும். பாப்பாவுக்கு 45ஆம் நாள் ஊசி எப்போது?

காரிமங்கலம்_பெரியவர்

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். என் தாயார் எட்டுப் பெற்றவர். பிள்ளை பெற்ற மாதமே கேழ்வரகுக் கொல்லையில் களை எடுத்தவர். மனச்சோர்வு என்று ஒரு வார்த்தை அந்தக் காலத்தில் கிடையாது. இப்போது கையில் செல்போன், தூக்கம் எப்படி வரும்? அதை வாங்கி வைத்தாலே பாதி சரியாகிவிடும்.

அரூர்_மருமகள்

ஐயா, உங்கள் தாயாருக்கு எப்படி இருந்தது என்று யாராவது அவரிடம் கேட்டார்களா? "பிள்ளை பெத்ததிலிருந்து அவளுக்குப் புத்தி சரியில்லை" என்று சொல்லி ஒதுக்கிவைத்த அத்தையோ சித்தியோ நம் ஊர்ப் பக்கம் எத்தனை வீட்டில் இருந்தார்கள். அன்றைக்கும் நோய் இருந்தது, வைத்தியம்தான் இல்லை. ஒன்று ஒத்துக்கொள்கிறேன். அன்று வீட்டில் கை அதிகம். குழந்தையை வாங்கிக்கொள்ள நாலு பேர் இருந்தார்கள். இன்று அம்மா ஒருத்திதான், அவரும் மாட்டைப் பார்க்க வேண்டும், நூறு நாள் வேலைக்குப் போக வேண்டும்.

பெண் குழந்தை விஷயம் சின்ன விஷயம் இல்லை. வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து நடத்திய ஆய்வு 2002ல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் என்று பார்த்தால் வருமானம் குறைந்தவர்கள், பையனை எதிர்பார்த்துப் பெண் பிறந்தவர்கள், மாமியாரோடும் பெற்றோரோடும் ஒத்துப்போகாதவர்கள், கைக்கு உதவி இல்லாதவர்கள். நம் வீட்டுக் கதை போலவே இருக்கிறது, இல்லையா? பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001ல் கொண்டுவர வேண்டியிருந்த மாவட்டம் நம் தருமபுரி. "அடுத்தது பையன்" என்று சொல்வது இங்கே வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. அண்ணா, உங்கள் அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். மருமகள் பேசினால் அது சண்டையாகிவிடும்.

காரிமங்கலம்_பெரியவர்

பெண் குழந்தையை நான் ஒன்றும் சொல்லவில்லை. என் பேத்திதான் வீட்டில் ராஜா. செல்போனைத்தான் சொன்னேன்.

பி_ஷிப்ட்_ஓசூர்

நன்றி. மாங்கனி அக்கா, இந்த ஞாயிறு போகிறேன், நேரில் கேட்கிறேன். நர்சம்மா, ஊசி அடுத்த வாரம்.

ஒரு சந்தேகம். ஆபரேஷன் புண் ஆறவில்லை என்று தண்ணீரே கொடுப்பதில்லை. ஒரு வேளைக்கு அரை டம்ளர், அதுவும் சுக்குப் போட்டு. ரசம் சோறு, பூண்டு, அவ்வளவுதான். தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், தையல் சீழ் பிடிக்கும் என்கிறார்கள். உண்மையா?

நர்சம்மா_ஓய்வு

இல்லை. தண்ணீருக்கும் சீழுக்கும் சம்பந்தமே இல்லை. பால் கொடுக்கிற உடம்புக்குத் தண்ணீர் வழக்கத்தைவிடக் கூடுதலாக வேண்டும். தண்ணீரை நிறுத்தினால் மலச்சிக்கல், அதில் முக்கி முக்கித் தையல் வலி, மூலம், சிறுநீர்க் கடுப்பு. பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கட்டும், தாகத்துக்குக் குடிக்கட்டும்.

பத்தியத்தில் நல்லதும் உண்டு. பூண்டு, சுக்கு, மிளகு, பிரசவ லேகியம் எல்லாம் அளவாக இருந்தால் ஒன்றும் செய்யாது. கெடுதல் எதில் என்றால், "ஆகாது" என்று தள்ளிவைக்கிற பட்டியலில். முட்டை ஆகாது, பருப்பு ஆகாது, கீரை ஆகாது, பழம் சளி பிடிக்கும். பிறகு எதிலிருந்து ரத்தம் ஊறும்? நம் ஊர்க் கேழ்வரகை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம். களியும் கீரை மசியலும் முட்டையும் பிள்ளை பெற்றவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

இரும்புச்சத்து மாத்திரையைக் குழந்தை பிறந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். பிறந்த பிறகும் ஆறு மாதம், 180 நாள், தினம் ஒன்று சாப்பிட வேண்டும். டீ, காபியோடு வேண்டாம், கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து வேண்டாம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தருகிற பெட்டகத்தில் பேரீச்சம்பழம், நெய், சத்துமாவு எல்லாம் வரும். அதை வீட்டில் மற்ற பிள்ளைகள் தின்றுவிடுகிறார்கள், தாய்க்குப் போவதில்லை. 18,000 ரூபாய் திட்டம் என்று தொகை மட்டும் எல்லாருக்கும் மனப்பாடம்.

பென்னாகரம்_ரோடு

தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வது சரி, எந்தத் தண்ணீர் என்பதையும் சொல்லுங்கள் நர்சம்மா. தருமபுரி, கிருஷ்ணகிரி, நம் இரண்டு மாவட்டத்திலும் ஆழ்துளைக் கிணற்றில் ஃபுளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் பல்லில் கறை, அதற்கும் மேல் வருடக்கணக்கில் குடித்தால் எலும்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல் வந்ததே இதற்காகத்தான். கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கிறவளுக்கும் குடிக்க, சமைக்க அந்தக் குழாய்த் தண்ணீர். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க. கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, வற்றி இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும்.

கெலமங்கலம்_அப்பா

அண்ணன் தம்பிகளுக்காக எழுதுகிறேன். எல்லாரும் அம்மாவைப் பற்றியே பேசுகிறீர்கள், பேச வேண்டியதுதான். ஆனால் அப்பாவுக்கும் இது வரும். உலக அளவில் பார்த்த ஆய்வுகளில் பத்துப் பேரில் ஒருவர் என்கிறார்கள், அதிகமாக வருவது மூன்றாவது மாதத்திலிருந்து ஆறாவது மாதம் வரை. ஆண்கள் அழுவது குறைவு. எரிந்து விழுவோம், ஓவர்டைம் வாங்கி வீட்டுக்கு வராமல் இருப்போம், டாஸ்மாக் போவோம். நான் மூன்றையும் செய்தேன். குழந்தை இன்குபேட்டரில் இருந்தபோது வாங்கிய கடன், வட்டி, இரவு ஷிப்ட். வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது எதிர் லாரியில் விட்டுவிடலாமா என்று தோன்றிய அன்றுதான் பயந்து போனேன். 14416 என்ற எண்ணுக்கு அடித்தேன். டெலி மனஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு இல்லை. பேர்கூட வற்புறுத்திக் கேட்கவில்லை. அவர்கள் சொல்லித்தான் ஆஸ்பத்திரி போனேன்.

தம்பி, உனக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒரு வாரம் லீவு போட்டுப் போய் இரு. இராத்திரியில் பால் கொடுப்பது மட்டும்தான் அவள் வேலை. தூக்கிக் கொடுப்பது, ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, மறுபடி தூங்க வைப்பது உன் வேலை. சேர்ந்தாற்போல் நாலைந்து மணி நேரம் அவள் தூங்கினாளானால் நீயே வித்தியாசம் பார்ப்பாய். "மாப்பிள்ளை பீத்துணி அலசுகிறார்" என்று தெருவில் பேசுவார்கள், பேசட்டும்.

பி_ஷிப்ட்_ஓசூர்

அண்ணா, கம்பெனியில் அப்பாக்களுக்கு லீவு எல்லாம் இல்லை. எல்லாம் சம்பள வெட்டுதான்.

ஓசூர்_லைன்_லீடர்

ஆமாம், தனியார் கம்பெனியில் அப்பாவுக்கு லீவு தர வேண்டும் என்று சட்டம் இல்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. இருக்கிற ஆண்டு விடுப்பைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். வேறு வழியில்லை.

மனைவி வேலைக்குப் போகிறவர் என்றால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, 2017 திருத்தத்திலிருந்து. பிரசவத்துக்கு முந்திய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். காண்ட்ராக்ட் என்றாலும் சட்டம் அதேதான். ஆனால் வயிறு தெரிய ஆரம்பித்ததும் காண்ட்ராக்டைப் புதுப்பிக்காமல் விடுகிற தந்திரம் ஒன்று இருக்கிறது, என் லைனிலேயே பார்த்திருக்கிறேன். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஒரு வருடம். நமக்கு ஆறு மாதம் முடிந்ததும் காலை ஆறு மணி பஸ். மார்பு கட்டிக்கொண்டு, பால் கசிந்து, கழிவறையில் போய்ப் பீய்ச்சிக் கொட்டுகிற கொடுமையை எந்த மேனேஜரிடம் சொல்வது? மனச்சோர்வு வராமல் என்ன செய்யும்.

போச்சம்பள்ளி_பிசியோ

உடம்புப் பக்கம் கொஞ்சம். இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. சுகப்பிரசவம், ஆபரேஷன் இரண்டிலும் வரலாம். சிறுநீரை அடக்குவதுபோல் அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, விட வேண்டும். பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. படுத்துக்கொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். அப்படியும் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

"முதுகில் ஊசி போட்டதிலிருந்து இடுப்பு வலி" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது பால் கொடுக்க உட்காருகிற விதத்தை. தரையில் கூன் போட்டு, குழந்தையை நோக்கிக் குனிந்து, நாளுக்குப் பத்துத் தடவை. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். வருடக்கணக்கான வலிக்கு அது காரணமில்லை. முதுகைச் சுவரில் சாய்த்து, மடியில் தலையணை வைத்து, குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும்.

ஆபரேஷன் ஆனவர்கள் ஆறு வாரம் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. தண்ணீர்க் குடம் கட்டாயம் கூடாது. ஆனால் மாதக்கணக்கில் படுக்க வைப்பதும் தப்பு, காலில் ரத்தம் உறையும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் எண்ணெய் தேய்த்து நீவ வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

நர்சம்மா_ஓய்வு

அதோடு சேர்த்து, விடாத தலைவலியும் கண் மங்கலும் வந்தால் பிரஷர் பாருங்கள். கர்ப்பத்தில் சரியாக இருந்தவருக்கும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரம் வரை ஏறலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுக்க நனைந்தாலோ, நடுக்கத்தோடு காய்ச்சலோ, நாற்றத்தோடு போக்கோ இருந்தாலும் நேரம் பார்க்காமல் கிளம்புங்கள்.

பி_ஷிப்ட்_ஓசூர்

போய்விட்டு வந்தேன். நேரில் கேட்டேன். குழந்தையை ஒன்றும் செய்யத் தோன்றவில்லை, "நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி" என்று இரண்டு மூன்று தடவை தோன்றியதாம். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அழுதாள். ஊசி நாள் வரை காத்திருக்காமல் மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கே மேடம் பத்துக் கேள்வியும் கேட்டார்கள், 18 வந்தது. ஹீமோகுளோபின் 8.2. தைராய்டு சரியாக இருக்கிறது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்கள், அன்றைக்கே போனோம். டாக்டர் அவளிடம் தனியாகப் பேசினார். செர்ட்ரலின் என்று ஒரு மாத்திரை. பாலில் மிகக் குறைவாகத்தான் கலக்கும், தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். ரத்தத்துக்கு ட்ரிப்பில் இரும்பு மருந்து ஏற்றினார்கள்.

மாமியாருக்கு ஒப்பவில்லை. "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டீங்களே, ஊர்ல என்ன சொல்வாங்க" என்றார்கள். டாக்டர் அவரை உள்ளே கூப்பிட்டு, ராத்திரி தூங்க விடுங்கள், தண்ணீர் கொடுங்கள் என்று இரண்டே விஷயம் சொன்னார். டாக்டர் சொன்னதால் தண்ணீர் கொடுக்கிறார்கள். கயிறும் கையில்தான் இருக்கிறது, அதை நான் அவிழ்க்கவில்லை. என் அம்மாவிடமும் பேசினேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை, இப்போது பரவாயில்லை.

ஒரு வாரம் ஆகிறது, பெரிய மாற்றம் தெரியவில்லை. மாத்திரை வேலை செய்கிறதா?

காவேரிப்பட்டணம்_மாங்கனி

அவசரப்படாதே தம்பி. எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் லேசாகத் தெரிந்தது. முதலில் வந்தது தூக்கம். சந்தோஷம் கடைசியில்தான் வந்தது.

நர்சம்மா_ஓய்வு

இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தேறிவிட்டாள் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். சரியான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள், நிறுத்துவதும் படிப்படியாகத்தான். அந்த எண்ணம் தோன்றியது என்று சொன்னாள் அல்லவா, மாத்திரை அட்டை உங்கள் மாமியார் கையில் இருக்கட்டும். வீட்டில் பூச்சிமருந்து டப்பா இருந்தால் அப்புறப்படுத்துங்கள். தக்காளிக் கொல்லை உள்ள வீடு என்றால் கட்டாயம் இருக்கும்.

அடுத்த குழந்தைக்கு அவசரமும் வேண்டாம். அரசு மருத்துவமனையிலேயே காப்பர் டி, மூன்று மாத ஊசி எல்லாம் இலவசம். இரண்டு குழந்தைக்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாடு என்றால் எல்லாரும் பெண்ணைத்தான் கூட்டிவருகிறார்கள். ஆணுக்குக் கத்தியில்லாமல் சில நிமிடத்தில் முடிகிற வேலை அது. என் சர்வீஸில் சம்மதித்து வந்த ஆண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

காரிமங்கலம்_பெரியவர்

தம்பி, அந்தப் பெண்ணுக்குச் சீக்கிரம் நல்லதாகட்டும். பூச்சிமருந்து விஷயத்தில் நர்சம்மா சொல்வது சரி, இன்றைக்கே செய். செல்போன் பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

அரூர்_மருமகள்

ஐயா, அந்தச் செல்போனில்தான் அவர் இங்கே வந்து கேட்டார் 😀

பி_ஷிப்ட்_ஓசூர்

டப்பாவை மச்சான் எடுத்துப் போய்க் கொல்லைக் கொட்டகையில் பூட்டிவிட்டான். இன்னும் ஒரு கேள்வி. ஐந்தாம் மாதம் ஓசூருக்குக் கூட்டிவரலாம் என்று இருக்கிறோம். மருந்தை அங்கே தொடர்வது எப்படி? பாப்பாவின் ஊசி?

கெலமங்கலம்_அப்பா

ஓசூர் அரசு மருத்துவமனையில் காட்டலாம். தருமபுரிச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள். கடவுள் புண்ணியத்தில் தேவைப்படாது, இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்: பெங்களூரு நிம்ஹான்ஸ் ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது. அங்கே அம்மாவையும் குழந்தையையும் பிரிக்காமல் சேர்த்தே வைத்துப் பார்க்கிற தாய்-சேய் மனநலப் பிரிவு உண்டு.

அதைவிட முக்கியம், ஓசூரில் பகலில் அவளோடு யார் இருப்பார்கள்? நீ பி ஷிப்டுக்குப் போனால் மதியத்திலிருந்து ராத்திரி வரை நாலு சுவருக்குள் தனியாகத்தானே. அதற்கு வழி செய்துவிட்டுக் கூட்டி வா.

நர்சம்மா_ஓய்வு

ஊசிக்குப் பிரச்சினை இல்லை. தாய்-சேய் அட்டையும், கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணும் இருந்தால் எந்த ஊர் சுகாதார நிலையத்திலும் போடுவார்கள். ஓசூரில் வீடு எந்த வார்டு என்று சொல்லுங்கள், அங்கே எந்த நகர்ப்புற நிலையம் என்று விசாரித்துச் சொல்கிறேன்.